சாறும் சக்கையும்

கரும்பு தின்னும்போது நீங்கள் என்ன செய்கிறீர்கள்? தோலைப் பல்லால் உரித்து, ஒரு துண்டைக் கடித்து, மென்று சாற்றை உறிஞ்சுகிறீர்கள். பிறகு சக்கையைத் துப்பிவிடுகிறீர்கள். சுட்ட பனம்பழம் தின்பதும் ஏறக்குறைய இப்படித்தான். நாரைச் சப்பிச் சப்பிச் சாற்றை எடுத்துக்கொண்டு கொட்டையை எறிந்துவிடுகிறோம். இதையெல்லாம் நமக்கு யாரும் பாடமாகச் சொல்லித் தருவதில்லை. காட்டில் வாழும் சிம்பன்ஸிக்கும் இந்த வித்தை தெரியும்.

ஆப்பிரிக்காவில் உகாண்டா நாட்டின் மேற்குப் பகுதியில் கிபாலே என்னும் காடு இருக்கிறது. அங்கே அத்தி மரத்தில் அமர்ந்திருக்கும் சிம்பன்ஸி பல பழங்களை ஒன்றாக வாயில் திணித்துக்கொள்கிறது. அதன் கீழுதடு நம் உதட்டைப் போன்றதன்று. அகலமானது, வலிமையானது, நன்றாக நீளக்கூடியது. அந்த உதட்டுக்கும் முன்பற்களுக்கும் இடையே பழக்கூழைத் தள்ளி வைத்து அழுத்துகிறது. சாறு உள்ளே இறங்குகிறது. அவ்வப்போது உதட்டை முன்னே நீட்டி, உருண்டையில் இன்னும் ஈரம் இருக்கிறதா என்று பார்ப்பது போலக் கண்ணைத் தாழ்த்திப் பார்க்கிறது, மீண்டும் அழுத்துகிறது. கடைசியில் நாரும் தோலும் விதைகளும் கலந்த சக்கை உருண்டை ஒன்று கீழே விழுகிறது.

பழத்தை அப்படியே மென்று விழுங்கினால் என்ன? எதற்காக இவ்வளவு பாடு? இந்தக் கேள்விக்கு விடை தேடினால், உயிரியலோடு கொஞ்சம் இயற்பியலும் படிக்க வேண்டியிருக்கும்.

மாம்பழமன்று, காட்டுப் பழம்

பழம் என்றதும் நமக்கு மாம்பழமும் வாழைப்பழமும் நினைவுக்கு வருகின்றன. இவை மனிதன் பல தலைமுறைகளாகப் பொறுக்கியெடுத்து, சதை மிகுத்து, இனிப்பு மிகுத்து வளர்த்தவை. காட்டுப் பழம் அப்படியன்று. அதில் சதை குறைவு, விதை பெரிது, நார் அதிகம். கிபாலேயில் 1987 முதல் சிம்பன்ஸிகளை ஆராய்ந்து வந்த ரிச்சர்ட் ராங்கம் என்பவர் அவை தின்னும் பழங்கள் பலவற்றைத் தாமும் தின்று பார்த்திருக்கிறார். பலவற்றை வயிறு நிறையத் தின்ன முடியாது என்பது அவர் கண்ட முடிவு.

மரத்தின் பக்கத்திலிருந்து பார்த்தால் இது நியாயந்தான். மரத்துக்கு வேண்டியது தன் விதையை யாராவது தூரத்தில் கொண்டுபோய்ப் போடவேண்டும் என்பதே. பழத்தின் சதை அந்தச் சுமைகூலி. கூலியைத் தேவைக்கு மேல் எந்த முதலாளி கொடுப்பான்? விதை முற்றும் முன்பே பறித்துவிடக் கூடாது என்பதற்காகக் காயில் பாதுகாப்பும் உண்டு. வாழைக்காயைப் பச்சையாகக் கடித்தால் நாக்கு இழுத்துப் பிடிக்கிறது அல்லவா? அந்தத் துவர்ப்புக்குக் காரணம் டானின் என்னும் பொருள். அது உமிழ்நீரிலுள்ள புரதத்தைப் பற்றிக்கொள்கிறது. வழவழப்பு போய் நாக்கு வறண்டாற்போல் ஆகிறது. வயிற்றுக்குள்ளும் அது உணவின் புரதத்தைப் பற்றிக்கொண்டு செரிக்கவிடாமல் தடுக்கும்.

நாரின் கதை வேறு. நாரின் பெரும்பகுதி செல்லுலோஸ். செல்லுலோஸ் என்பது குளுக்கோஸ் மூலக்கூறுகள் சங்கிலியாய்க் கோத்த பொருள். அரிசியிலுள்ள ஸ்டார்ச்சும் குளுக்கோஸ் சங்கிலிதான். ஆனால் கண்ணிகள் இணைந்திருக்கும் விதம் வேறு. ஸ்டார்ச்சை வெட்டும் நொதி நம் உமிழ்நீரிலேயே இருக்கிறது. செல்லுலோஸை வெட்டும் நொதி நம்மிடமும் இல்லை, குரங்கிடமும் இல்லை, மாட்டிடமும் இல்லை. மாடு வைக்கோலைத் தின்று வாழ்கிறதென்றால், அதன் வயிற்றில் குடியிருக்கும் நுண்ணுயிர்களே அதற்குக் காரணம்.

குடல் என்னும் தொட்டி

சிம்பன்ஸி, போனோபோ, கொரில்லா, ஒராங்குட்டான், கிப்பன் ஆகியவற்றை வாலில்லாக் குரங்குகள் என்கிறோம். மாட்டுக்கு இருப்பது போன்ற அறைகள் கொண்ட இரைப்பை இவற்றுக்கு இல்லை. இவற்றின் நுண்ணுயிர்த் தொழிற்சாலை பெருங்குடலில் இருக்கிறது. சிறுகுடலில் செரிக்காமல் வந்து சேரும் நாரைப் பாக்டீரியாக்களும் சில ஒற்றைச்செல் உயிர்களும் நொதிக்கச் செய்கின்றன. அதில் உண்டாகும் அசிட்டிக் அமிலம் முதலான சிறு கொழுப்பு அமிலங்களைக் குடற்சுவர் உறிஞ்சிக்கொள்கிறது. அவை எரிபொருளாகின்றன. சிம்பன்ஸியின் குடல் கொள்ளளவில் பாதிக்கு மேல் பெருங்குடல்தான். நமக்கோ அது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. நம் குடலில் பெரும்பகுதி சிறுகுடல்.

நுண்ணுயிர்கள் அவசரப்படுவதில்லை. நார் செரிக்க நேரம் வேண்டும். எவ்வளவு நேரம் கிடைக்கும்? இங்கேதான் இயற்பியல் வருகிறது. குடலை ஒரு தண்ணீர்த் தொட்டியாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் குழாய் வழியாக நீர் வருகிறது. மறுபக்கம் அதே வேகத்தில் வெளியேறுகிறது. 100 லிட்டர் தொட்டியில் மணிக்கு 10 லிட்டர் வந்தால், ஒரு துளி நீர் சராசரியாக 10 மணி நேரம் தொட்டியில் தங்கும். மணிக்கு 20 லிட்டர் வந்தால் 5 மணி நேரந்தான். கொள்ளளவை வரத்தால் வகுத்தால் தங்கும் நேரம், அவ்வளவுதான் கணக்கு.

காதரின் மில்ட்டன், மான்டேகு டிமென்ட் என்னும் இருவர் 1988-இல் வெளியிட்ட ஆய்வில் இந்தக் கணக்கின் சாயல் தெரிகிறது. வளர்ப்புச் சிம்பன்ஸிகளுக்கு நார் குறைந்த உணவு கொடுத்தபோது அது குடலைக் கடக்கச் சராசரியாக 48 மணி நேரம் ஆயிற்று. நாரில் 71 சதவீதம் செரித்தது. நார் மிகுந்த உணவு கொடுத்தபோது கடக்கும் நேரம் ஏறத்தாழ 38 மணியாகக் குறைந்தது. நாரில் 54 சதவீதமே செரித்தது. சத்துக் குறைந்த உணவென்றால் அதிகம் தின்ன வேண்டும். அதிகம் தின்றால் அது வேகமாக வெளியே தள்ளப்படுகிறது. தொட்டிக்குள் சக்கையை நிரப்பினால் இடமும் வீண், நேரமும் வீண்.

அத்திப்பழச் சக்கையைச் சிம்பன்ஸி ஏன் துப்புகிறது என்பது இப்போது புரிந்திருக்கும். சர்க்கரை சாற்றில் இருக்கிறது. அதை வாயிலேயே பிழிந்துகொண்டு நாரை வெளியே எறிந்துவிட்டால், தொட்டியில் இடம் மிச்சம். அடுத்த கைப்பிடிப் பழத்துக்கு இடம் கிடைக்கிறது.

கணக்கும் காடும்

இயற்பியல் பாடம் நடத்துபவன் என்பதால் இன்னொரு கணக்கையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. மாக்ஸ் கிளைபர் என்பவர் 1932-இல் ஒரு விதியைக் கண்டார். ஒரு விலங்கு ஓய்வாக இருக்கும்போது செலவிடும் ஆற்றல் அதன் எடைக்கு நேர்விகிதத்தில் கூடுவதில்லை. எடையின் முக்கால் அடுக்குக்கு ஏற்பக் கூடுகிறது. குடலின் கொள்ளளவோ ஏறக்குறைய எடைக்கு நேர்விகிதத்தில் கூடுகிறது.

கிபாலேயில் செவ்வால் குரங்கு என்று ஒரு சிறு குரங்கு உண்டு. அதன் எடை 4 கிலோ என்று வைத்துக்கொள்வோம். சிம்பன்ஸி 40 கிலோ. எடை 10 மடங்கு. குடலும் 10 மடங்கு. ஆற்றல் தேவை எத்தனை மடங்கு? 10-இன் மும்மடியான 1000-க்கு வர்க்கமூலம் கண்டு, அதற்கு மீண்டும் வர்க்கமூலம் காணுங்கள். 5.6 வரும். ஆக, தொட்டி 10 மடங்கு பெரிது, வரத்து 5.6 மடங்குதான் வேண்டும். சிம்பன்ஸியின் குடலில் உணவு ஏறத்தாழ 1.8 மடங்கு அதிக நேரம் தங்கலாம். பெரிய விலங்கு மட்டமான உணவைக் கொண்டும் காலந்தள்ளலாம். சிறிய விலங்குக்குத்தான் நல்ல உணவு வேண்டும். யானை மரப்பட்டையைத் தின்பதும் அணில் கொட்டையைத் தேடுவதும் இந்தக் கணக்கால் விளங்கும்.

அப்படியானால் கிபாலேயில் பழம் குறையும் மாதங்களில் மட்டமான உணவுக்கு இறங்கிவர வேண்டியது சிம்பன்ஸிதானே? ராங்கமும் அவருடைய கூட்டாளிகளும் சிம்பன்ஸிகளையும் மூன்று வகைச் சிறு குரங்குகளையும் தொடர்ந்து கவனித்து, அவை தின்றவற்றைப் பகுத்துப் பார்த்து 1998-இல் முடிவை வெளியிட்டார்கள். நடந்தது நேர்மாறு! பழுத்த பழம் குறைந்தபோது சிறு குரங்குகள் காய்களுக்கும் இலைகளுக்கும் மாறிக்கொண்டன. டானின் முதலான தடுப்புப் பொருள்கள் அவற்றின் உணவில் மிகுந்திருந்தன. சிம்பன்ஸியோ பழுத்த பழத்தை விடாமல் தேடியலைந்தது.

கணக்கு தவறன்று. கொரில்லா இந்தக் கணக்கின்படியே நடக்கிறது. மத்திய ஆப்பிரிக்காவின் மேற்குப் பகுதிக் காடுகளில் பழம் அருகும்போது, ஆணுக்கு 160 கிலோ அளவு எடையுள்ள அந்தப் பெருவிலங்கு இலை, தண்டு, மரப்பட்டை என்று மாறிக்கொள்கிறது. ஆனால் எடையும் குடலும் மட்டும் கதையை முடிவு செய்வதில்லை. சிறு குரங்குகளுக்கு நச்சையும் துவர்ப்பையும் தாங்கும் உடல் வாய்த்திருக்கிறது. சிம்பன்ஸிக்கு அது அவ்வளவாக இல்லை. ஆகவே அது செரிமானத்தின் பாதி வேலையை வயிற்றுக்கு வெளியிலேயே முடித்துக்கொள்கிறது. கண், கை, உதடு, கால் எல்லாமே அதன் செரிமான உறுப்புகள் என்று சொன்னால் விலங்கியல் ஆசிரியர்கள் என்னைக் கோபித்துக்கொள்ளக் கூடாது.

கையைப் பாருங்கள். கிபாலேயில் ஒரு வகை அத்தி பழுத்த பின்னும் பச்சையாகவே இருக்கும். நிறத்தை நம்பிப் பயனில்லை. சிம்பன்ஸி என்ன செய்கிறது? பழத்தை மரத்திலேயே வைத்து விரல்களால் மெல்ல அழுத்திப் பார்க்கிறது. உங்கள் வீட்டில் மாம்பழம் வாங்குகிறவர்கள் செய்வதுதான். மென்மையானதைப் பறிக்கிறது, கெட்டியானதை விட்டுவிடுகிறது. நத்தானியல் டாமினி என்பவரும் அவருடைய குழுவினரும் 2016-இல் இதை விரிவாக எழுதினார்கள். பழத்தின் மீள்திறனை விரலால் அளப்பது, ஒவ்வொன்றாகப் பறித்துக் கடித்துப் பார்ப்பதைவிடப் பல மடங்கு விரைவு.

காலையும் பாருங்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் ஐவரி கோஸ்ட் நாட்டிலுள்ள டாய் காட்டில், தாய்ச் சிம்பன்ஸிகள் மறுநாள் காலை அத்தி மரத்துக்குப் போகவேண்டுமென்றால் வழக்கத்தைவிடச் சீக்கிரம், இருட்டோடு எழுந்து புறப்படுகின்றன. மரம் தொலைவில் இருந்தால் இன்னும் முன்னதாகவே கிளம்புகின்றன. அத்திப்பழம் எல்லாருக்கும் பிடிக்கும். பிந்திப் போனால் பறவைகளும் மற்றக் குரங்குகளும் மிச்சம் வைக்கா. 2014-இல் வெளியான ஆய்வு இது.

இத்தனைக்குப் பிறகும் பழம் கிடைக்காத நாட்கள் உண்டு. அப்போது கிபாலேயின் சிம்பன்ஸிகள் தரையில் வளரும் செடிகளின் தண்டை உரித்து உட்பகுதியை மெல்கின்றன. நம் வாழைத்தண்டைப் போல நீரும் நாரும் நிறைந்த உணவு அது. பெருங்குடலின் நுண்ணுயிர்கள் முழுநேரம் உழைப்பது அந்த நாட்களில்தான்.

பசியின் தடயம்

பழம் இல்லாத மாதம் என்பது எவ்வளவு கடுமையானது? அதை எண்ணால் அறிய நாம் போர்னியோ தீவுக்குப் போகவேண்டும். அங்கே கூனுங் பாலுங் காட்டில் ஒராங்குட்டான்களை ஆராய்ந்தவர் ஷெரில் நாட் என்னும் அம்மையார். அந்தக் காட்டு மரங்களில் பல, சில ஆண்டுகளுக்கு ஒரு முறை ஒரே சமயத்தில் காய்த்துக் கொட்டும். பிறகு நீண்ட வறட்சி. அவர் 1998-இல் வெளியிட்ட கணக்குப்படி, பழம் கொழித்த காலத்தில் ஆண் ஒராங்குட்டான் நாளொன்றுக்குச் சுமார் 8,400 கிலோகலோரியும், பெண் சுமார் 7,400 கிலோகலோரியும் உண்டன. பழம் அருகிய காலத்தில் ஆணுக்குக் கிடைத்தது சுமார் 3,800. பெண்ணுக்கு 1,800 தான்! மரப்பட்டையை உரித்து அதன் உட்பகுதியை மென்று காலந்தள்ளின.

இந்தப் பசியை அவர் அளந்த முறை எளிது. ஒராங்குட்டான்கள் இரவில் மரத்தில் கூடு கட்டித் தூங்கும்; காலையில் எழுந்ததும் சிறுநீர் கழிக்கும். கீழே பிளாஸ்டிக் விரிப்பை விரித்து அதைச் சேர்த்தார். மருத்துவமனைகளில் சர்க்கரை நோயாளிகளின் சிறுநீரைச் சோதிக்கும் நிறம் மாறும் பட்டை இருக்கிறதல்லவா, அதைத் தோய்த்துப் பார்த்தார். பழம் அருகிய காலத்துச் சிறுநீரில் கீட்டோன் என்னும் பொருள் இருந்தது. உடல் தன் சொந்தக் கொழுப்பையே எரித்து வாழ்கிறது என்பதற்கு அது அடையாளம். கொழித்த காலத்தில் தின்று சேர்த்த கொழுப்பு இப்போது செலவாகிறது. கையில் குட்டியை வைத்துக்கொண்டு பாலும் கொடுத்தாக வேண்டிய தாய்க்கு 1,800 கிலோகலோரி எம்மாத்திரம் என்று எண்ணிப் பாருங்கள். சாற்றைப் பிழிவதும், இருட்டில் எழுந்து ஓடுவதும் விளையாட்டல்ல.

ஓட்டுக்குள் இருக்கும் விருந்து

சில பழங்களில் சதையைவிட விதையில்தான் சத்து அதிகம். ஆனால் விதையை மரம் இலவசமாகக் கொடுப்பதில்லை; ஓட்டுக்குள் பூட்டி வைக்கிறது. டாய் காட்டில் பாண்டா என்னும் மரத்தின் கொட்டையை அழுத்தி உடைக்க ஒரு டன் எடைக்கும் மேற்பட்ட விசை வேண்டும். சிம்பன்ஸியின் தாடையால் ஆகாத காரியம். சிம்பன்ஸிகள் மரவேரைப் பட்டடைக்கல்லாக்கி, கருங்கல்லால் அடித்து உடைக்கின்றன. கல்லின் உந்தம் மிகக் குறுகிய நேரத்தில் நின்றுபோவதால் அவ்வளவு விசை பிறக்கிறது. நியூட்டனின் இரண்டாம் விதியை அவை படிக்கவில்லை, பயன்படுத்துகின்றன. அங்கே மண்ணைத் தோண்டியபோது 4,300 ஆண்டுகளுக்கு முற்பட்ட உடைக்கும் கற்கள் கிடைத்தன என்று 2007-இல் அறிவித்தார்கள்.

கல்லில்லாமல் உடைக்கும் வழி ஒன்று செனகல் நாட்டில் இருக்கிறது. கேட்டால் முகம் சுளிப்பீர்கள், பரவாயில்லை. அங்கே ஃபோங்கோலி என்னும் வறண்ட புல்வெளிப் பகுதியில் சிம்பன்ஸிகள் பாவோபாப் பழம் தின்கின்றன. நாம் ஆனைப்புளி என்று சொல்லும் அதே மரந்தான். பருவத்தின் தொடக்கத்தில் விதை இளசாக இருக்கும். சதையோடு சேர்த்து மென்றுவிடுகின்றன. முற்றிய பிறகு விதையின் தோல் கல்லாகிவிடும். அப்போது புளிப்பான சதைக்காக விதையோடு விழுங்குகின்றன. விதை குடலின் சூட்டிலும் ஈரத்திலும் நெடுநேரம் ஊறி முழுதாக வெளியே வருகிறது. அந்தக் கழிவிலிருந்து விதைகளைப் பொறுக்கி எடுத்து, இப்போது மென்று தின்கின்றன! புளியங்கொட்டையை வறுத்து ஊறவைத்துத் தின்கிறோமே, அதே தந்திரம். ஊறவைக்கும் பாத்திரம் மட்டும் வேறு. புரதமும் கொழுப்பும் நிறைந்த பருப்பை, வறண்ட காட்டில் ஒரு முறை தவறவிட்டாலும் மறுமுறை விடுவதில்லை. 2011-இல் இதை விவரித்த பெர்ட்டோலானியும் புரூட்ஸும் இதை நோயென்றோ கெட்ட பழக்கமென்றோ கருதவில்லை. உணவு தேடும் முறைகளில் ஒன்றாகவே கண்டார்கள். அவர்கள் பார்வை சரியென்றே எனக்கும் படுகிறது.

கடைசியாக, சுமத்ராத் தீவின் சதுப்புக் காட்டில் விளையும் நீசியா. இது துரியன் பழத்தின் உறவு. பழம் முற்றியதும் மரம் போன்ற அதன் ஓடு ஐந்து கோடுகளில் சிறிதே வெடிக்கும். உள்ளே கொழுப்பு நிறைந்த விதைகள். ஆனால் அவற்றைச் சுற்றி ஊசி போன்ற மயிர்கள்; விரலை விட்டால் குத்தி ஏறி எரிச்சலூட்டும். சுவாக் பாலிம்பிங் என்னுமிடத்து ஒராங்குட்டான்கள் ஒரு சிறு குச்சியை ஒடித்துப் பட்டையை உரித்து, வாயில் கவ்விக்கொண்டு வெடிப்பில் நுழைக்கின்றன. முள்மயிரைச் சுரண்டித் தள்ளிவிட்டு விதைகளை நெம்பி எடுத்துக்கொள்கின்றன. காரெல் வான் ஷைக் என்பவர் குழுவினர் 1990-களில் இதைக் கண்டார்கள். மரத்தடியில் விழுந்து கிடந்த பழங்களில் குச்சிகள் செருகியபடியே இருந்தன.

அருகிலேயே அலாஸ் என்னும் பெரிய ஆறு ஓடுகிறது. ஒராங்குட்டான்கள் அதைக் கடக்க முடியாது. மறுகரையிலும் அதே சதுப்பு, அதே நீசியா மரங்கள், அதே இன ஒராங்குட்டான்கள். வான் ஷைக் அங்கேயும் போய் மரத்தடிகளில் தேடிப் பார்த்தார். பழங்கள் கிடந்தன. ஒன்றிலும் குச்சி இல்லை. குட்டிகள் தாயின் அருகில் ஆண்டுக்கணக்காக இருந்து, பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் வித்தை அது. ஆற்றின் அந்தப் பக்கத்தில் கற்றுக்கொடுக்க ஒரு தாயும் இருக்கவில்லை.